கத்தியைக் கீழே வைத்த மருத்துவர்: பிராகிலிருந்து நியூரம்பர்க் வரை

வெள்ளி, பிராக்

பிராகில் எல்லோரும் முதலில் பார்க்கும் கோட்டையையும் சார்லஸ் பாலத்தையும் விட்டுவிட்டு நேராக அல்பெர்தோவுக்கு வந்தேன். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைகளும் அறிவியல் துறைகளும் ஒரே சரிவில் அடுத்தடுத்து நிற்கும் பகுதி இது. இங்குள்ள ஹ்லாவா நிலையத்தில்தான் நோய்க்குறியியல், அதாவது நோய் உடலில் உண்டாக்கும் மாற்றங்களை ஆராயும் துறை, கற்பிக்கிறார்கள். அதே துறையில் வேலை செய்பவள் என்பதால், பழைய மஞ்சள் கட்டடத்தின் முன் நின்றபோதே உள்ளே எப்படி மணக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் பயணம் ஒரே ஒரு மனிதருக்காக. பெயர் பிரான்டிஷெக் பிளாஹா. செக் நாட்டு மருத்துவர். பிராக், வியன்னா, ஸ்ட்ராஸ்பர்க், பாரிஸ் ஆகிய நான்கு ஊர்களில் மருத்துவம் படித்து 1920இல் பட்டம் பெற்றவர். ஜெர்மானியர்கள் செக்கோஸ்லோவாக்கியாவை ஆக்கிரமித்தபோது கைதானார். 1941 ஏப்ரல் முதல் 1945 ஏப்ரல் வரை டாஹாவ் வதைமுகாமில் கைதி. அங்கே தன் கையால் ஏறத்தாழ 7,000 பிரேதப் பரிசோதனைகள் செய்தார். அவர் மேற்பார்வையில் நடந்தவை மொத்தம் 12,000. விடுதலையான மறு ஆண்டு ஜனவரியில், நியூரம்பர்க் நீதிமன்றத்தில் நாஜித் தலைவர்களுக்கு எதிரே நின்று தான் கண்டதைச் சொன்னார். அவர் வேலை செய்த ஊர், அடைபட்ட இடம், சாட்சி சொன்ன அறை என்று அந்த வரிசையிலேயே போகப்போகிறேன்.

ஆனால் ஒரு செக் மருத்துவரின் கதையைத் தொடங்க அல்பெர்தோவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1939 அக்டோபர் 28, செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு பிறந்த நாள். தடையை மீறி பிராக் தெருக்களில் மக்கள் கூடினார்கள். யான் ஓப்லெதல் என்ற மருத்துவ மாணவருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. நவம்பர் 11ஆம் தேதி அவர் இறந்தார். 15ஆம் தேதி இந்த ஹ்லாவா நிலையத்துச் சிற்றாலயத்திலிருந்துதான் சவப்பெட்டி புறப்பட்டது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பின்னால் நடந்தார்கள். ஊர்வலம் மீண்டும் போராட்டமாக மாறியது. இரண்டே நாளில் பதிலடி வந்தது. நவம்பர் 17 விடியற்காலையில் விடுதிகளுக்குள் புகுந்து சுமார் 1,200 மாணவர்களைப் பிடித்து சாக்சன்ஹவுசன் முகாமுக்கு அனுப்பினார்கள். மாணவர் அமைப்புகளைச் சேர்ந்த ஒன்பது பேரை விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றார்கள். செக் உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தும் மூன்று ஆண்டுகளுக்கு மூடப்படுவதாக அறிவிப்பு. போர் முடியும் வரை அவை திறக்கவேயில்லை.

ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவாகாமல் போனார்கள். நடுவழியில் படிப்பு நின்றுபோன இறுதியாண்டு மாணவர்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன். நவம்பர் 17 இன்று உலக மாணவர் நாள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1989இல் அதே நாளில் அதே அல்பெர்தோவிலிருந்து கிளம்பிய மாணவர் ஊர்வலம்தான் கம்யூனிச ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது.

மாலையில் கார்லின். லிச்கா சதுக்கத்தின் நடுவே அழகான பள்ளிக்கூடம், சுற்றிலும் மரங்கள், மிதிவண்டியில் பிள்ளைகள். பிரெதிஸ்லாவ் லிச்கா இந்த வட்டாரத்து மருத்துவர். 1942 மே 27 அன்று, ஆக்கிரமிக்கப்பட்ட செக் பகுதியை ஆண்ட நாஜி அதிகாரி ரைன்ஹார்ட் ஹைட்ரிஷின் கார்மீது குண்டு வீசிய செக் எதிர்ப்புப் படைவீரர் யான் குபிஷுக்கு, அந்தக் குண்டின் சிதறல்களே முகத்தில் பாய்ந்திருந்தன. மறைவிடத்துக்குப் போய் அவருக்குச் சிகிச்சை செய்தவர் லிச்கா. ஹைட்ரிஷ் பூலோவ்கா மருத்துவமனையில் ஜூன் 4ஆம் தேதி இறந்தார். ரெஸ்லோவா தெருத் தேவாலயத்தில் ஜூன் 18 அன்று குபிஷும் தோழர்களுமாக ஏழு பேர் முற்றுகையில் மடிந்தார்கள். ஜூலையில் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ தேடி வந்தபோது லிச்கா தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவர் மனைவியை மௌட்ஹவுசன் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942 அக்டோபர் 24 அன்று அந்த முகாமில் ஒரே நாளில் 250க்கும் மேற்பட்ட செக் மக்களைக் கொன்ற விதத்தை எழுதவே கை கூசுகிறது. உடல் பரிசோதனை என்று சொல்லி ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, பின்கழுத்தில் சுட்டார்கள். காயம்பட்டவனுக்கு மருந்து போட்ட குற்றத்துக்கு, மருத்துவப் பரிசோதனை என்ற பெயரிலேயே தண்டனை.

சனி, யிஹ்லவா

பிராகிலிருந்து தென்கிழக்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் யிஹ்லவா. ஜெர்மன் மொழியில் இக்லாவ். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர் என்பதை சதுக்கத்தின் அளவே சொல்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் நிற்பவர் முகம் தெரியாது. நடுவில் எண்பதுகளில் கட்டிய பெரிய பல்பொருள் அங்காடி. அதற்கு இடம் கொடுக்க இடைக்காலத்து வீடுகளை இடித்தார்களாம். எனக்கு அந்தக் கட்டடத்தை மன்னிக்க முடியவில்லை.

1926இல் பிளாஹா இங்கே மருத்துவமனையின் தலைமை மருத்துவராக வந்தார். பதின்மூன்று ஆண்டுகள் இந்த ஊர் மக்களின் உடல்கள் அவர் கையில். இது செக் மொழியும் ஜெர்மன் மொழியும் கலந்து புழங்கிய ஊர். சுற்றுக் கிராமங்கள் பலவும் ஜெர்மன் பேசியவை. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் வளர்ந்த ஊரும் இதுதான். யூதர்கள் நெசவிலும் வணிகத்திலும் இருந்தார்கள். வயிற்றுவலி என்று வந்தவனிடம் எந்த மொழி என்று பார்த்து எந்த மருத்துவரும் கத்தி எடுப்பதில்லை. பிளாஹாவின் மருத்துவமனைக்கு மூன்று சமூகத்தாரும் வந்திருப்பார்கள்.

1939 மார்ச் 15, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைந்தது. பிளாஹா பிணைக்கைதியாகப் பிடிக்கப்பட்டார். செக் அரசோடு ஒத்துழைத்தார் என்பது அவர்மீது சுமத்திய குற்றம். தன் நாட்டின் அரசோடு ஒத்துழைப்பதே குற்றமாகும் நிலைமைக்குத்தான் ஆக்கிரமிப்பு என்று பெயர். அதே மாதக் கடைசியில் ஊரின் யூதத் தொழுகைக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். அந்த இடத்தில் இப்போது மாலர் பூங்கா இருக்கிறது. எரிந்த கூடத்தின் அடித்தளக் கற்களைப் பூங்காவுக்குள்ளேயே காட்டியிருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி என்னிடம் வந்து செக் மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கிருந்து பிராகுக்குத் திரும்பி, நாளை காலை மியூனிக் ரயில்.

ஞாயிறு, ரயிலில்

பிராகிலிருந்து பில்சன், டோமாஷ்லிட்சே, எல்லை தாண்டி ஃபூர்த், ரேகன்ஸ்பர்க், பிறகு மியூனிக். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜன்னலுக்கு வெளியே காடு, குளம், மறுபடி காடு. மடியில் பிளாஹாவின் பிரமாண வாக்குமூலத்தின் பிரதி. இதைப் பலமுறை படித்திருக்கிறேன். இன்று ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று படித்தேன்.

வாக்குமூலத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மிகக் குறைவு. டாஹாவுக்கு வந்ததும் 1941 ஜூலை வரை தண்டனைப் பிரிவில் வேலை. அதன்பின் முகாம் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டைபாய்டு சோதனைக்கு உட்படுத்தினார்கள். அடுத்து ஒரு சோதனை அறுவைக்கு அவரைப் படுக்கவைக்க இருந்தார்கள். அந்தக் கட்டத்தில்தான், தான் ஒரு மருத்துவர் என்று ஒப்புக்கொண்டு தப்பினார். அதுவரை அதை மறைத்து வைத்திருந்தார், ஏனென்றால் தண்டனைப் பிரிவில் படித்தவன் என்று தெரிந்தால் கூடுதல் வதை.

இந்த இடத்தில் ரயில் நிலையம் ஏதோ வந்து போனது. பெயரைக்கூட நான் பார்க்கவில்லை. இருபதாண்டுத் தொழிலைக் கைதியின் கோடு போட்ட சட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கையில் ஒருவன் காய்ச்சலில் பிதற்றும்போது என்ன நோய் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் கிடந்த அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும்? மருத்துவம் படித்த எவருக்கும் அது தனிச் சித்திரவதை.

அந்த அக்டோபரில் முகாமின் மூலிகைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பிறகு மூலிகைகளைப் பதப்படுத்தும் ஆய்வுக்கூடம். 1942 ஜூனில் அறுவை மருத்துவராக முகாம் மருத்துவமனைக்குள் எடுத்தார்கள். சிறிது காலத்தில் ஒரு கட்டளை வந்தது. நோயில்லாத இருபது கைதிகளுக்கு வயிற்றில் அறுவை செய்ய வேண்டும். முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அமைப்பின் மருத்துவர்களும் மாணவர்களும் கைபழகுவதற்காக இப்படி நடந்தவை, 1941 நடுவிலிருந்து 1942 முடிவு வரை, அவர் கணக்குப்படி சுமார் 500.

அவர் மறுத்தார்.

வாக்குமூலத்தில் இதற்கு அரை வரிதான். செய்ய மறுத்ததால் பிரேதப் பரிசோதனை அறைக்கு மாற்றப்பட்டேன், 1945 ஏப்ரல் வரை அங்கே இருந்தேன் என்கிறார். யாரிடம் மறுத்தார், எந்தச் சொற்களில் மறுத்தார், அந்த இரவு தூங்கினாரா, எதுவுமில்லை. மறுத்தவனைச் சுட்டுத் தள்ளக்கூடிய இடத்தில் அவர் உயிரோடு விடப்பட்டதற்கு, பயிற்சி பெற்ற கை அவர்களுக்குத் தேவைப்பட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். உயிருள்ளவன்மேல் கத்தி வைக்காதவனை இறந்தவர்களிடம் அனுப்பினார்கள். அந்த இடமாற்றத்தால் முகாமின் சாவுகள் அனைத்தும் தேர்ந்த ஒரு மருத்துவரின் கண்முன் வந்து கிடந்தன.

திங்கள், டாஹாவ்

மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து எஸ் 2 ரயில். டாஹாவ் நிலையத்தில் இறங்கி 726ஆம் எண் பஸ். நான் பஸ்ஸில் ஏறவில்லை. நிலையத்திலிருந்து முகாம் வரை மூன்று கிலோமீட்டருக்கு நினைவுப் பாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். வீடுகளின் வேலியோரமாக, தண்டவாளத் துண்டு ஒன்றைக் கடந்து நடந்தேன். சமையலறை ஜன்னல்களில் பூந்தொட்டிகள்.

1933 மார்ச் 22 அன்று திறந்த முகாம் இது. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த முகாமிலும் இதன் கிளை முகாம்களிலும் 2,00,000க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டார்கள். சுமார் 41,500 பேர் இறந்தார்கள். இரும்புக் கதவில் உழைப்பு விடுதலை தரும் என்று எழுதியிருக்கிறது. அதைத் தாண்டினால் சரளைக் கல் பரப்பிய பெரிய திடல். குடில்கள் இப்போது இல்லை. இரண்டை மட்டும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மற்றவற்றுக்கு அடித்தளச் செவ்வகங்கள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல். நடுவே பாப்லர் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை. குடிலுக்கு 200 பேர் என்று கட்டியவற்றில் கடைசிக் காலத்தில் 2,000 பேர் வரை அடைத்தார்கள்.

மருத்துவமனைக் குடில்கள் திடலுக்குப் பக்கத்திலேயே, சாலையின் தொடக்கத்தில் இருந்தன. நான் நேரே அங்கேதான் போனேன். கற்களைத் தவிர எதுவும் இல்லை. குடும்பங்கள் ஒலி வழிகாட்டியைக் காதில் வைத்தபடி அவற்றைக் கடந்து போனார்கள். பெரும்பாலோர் அங்கே நிற்கவில்லை.

ஒரு பிரேதப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும். 1942 கோடை முதல் 1945 ஏப்ரல் வரை ஆயிரத்துச் சொச்சம் நாட்கள். 7,000 என்றால் ஞாயிறு, பண்டிகை எதுவும் இல்லாமல் தினமும் ஏழு உடல்கள். செய்தவரும் பசியில் வாடிய ஒரு கைதி. அந்தக் கணக்கை அந்தக் கற்களுக்கு முன் போட்டுப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

அவர் மேசைக்கு வந்த உடல்களைப் பற்றி அவர் சொன்னவற்றில், என் தொழில் காரணமாக, மலேரியா சோதனைகளைப் பற்றிய பகுதிதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. கிளவுஸ் ஷில்லிங் போலி மருத்துவர் அல்ல. பெர்லினில் ராபர்ட் கோக் பெயரிலான நிலையத்தில் வெப்பமண்டல நோய்ப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். எழுபது வயதில் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் ஆதரவோடு டாஹாவில் ஆய்வுக்கூடம் வைத்தார். ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகளுக்குக் கொசுக்கடியாலும் ஊசியாலும் மலேரியாவை ஏற்றி, ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். எத்தனை பேர் இறந்தார்கள்? பிளாஹாவின் பதில் ஒரு நோய்க்குறியியலாளரின் பதில். நேராக மலேரியாவினால் 30 முதல் 40 பேர். ஆனால் 300 முதல் 400 பேர், மலேரியா உடலை உருக்கிவிட்டதால், தாங்கியிருக்கக்கூடிய வேறு நோய்களைத் தாங்க முடியாமல் பின்னால் இறந்தார்கள். அளவுக்கு மீறிய மருந்தால் இறந்தவர்கள் தனி.

இந்த வேறுபாட்டின் அருமை, இறப்புச் சான்றிதழ் எழுதுபவர்களுக்குப் புரியும். கடைசியாக மூச்சை நிறுத்திய நோய் ஒன்று, அதற்கு வழிவகுத்த அடிப்படைக் காரணம் இன்னொன்று. காகிதத்தில் காசநோய் என்றோ நிமோனியா என்றோ எழுதிவிட்டால் ஷில்லிங்கின் கணக்கில் அந்த உயிர் வராது. மண்ணீரலையும் கல்லீரலையும் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சாவு எங்கே தொடங்கியது என்பது தெரியும். பிளாஹா பார்த்தார், மனதில் வைத்துக்கொண்டார். அவருடைய எதிர்ப்புப் போராட்டம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். துப்பாக்கியோ ரகசிய வானொலியோ கிடைக்காத இடத்தில், கொலைக்கு இயற்கை மரணம் என்று பெயர் வைப்பதை உள்ளுக்குள் ஒத்துக்கொள்ளாமல் இருந்தார்.

எஸ்.எஸ். மருத்துவர் ஸிக்முண்ட் ராஷர் நடத்திய குளிர்நீர்ச் சோதனைகளும் இங்கேதான் நடந்தன. கடலில் விழும் விமானிகளை எப்படி மீட்பது என்று அறிய, கைதிகளைப் பனிநீரில் மயங்கும் வரை கிடத்தினார்கள். உடல்வெப்பம் ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் கழுத்திலிருந்து இரத்தம் எடுத்தார்கள். பெரும்பாலோர் 25, 26 டிகிரியில் இறந்தார்கள் என்கிறார் பிளாஹா. ஒருவருடைய வெப்பம் 19 வரை இறங்கியது. சீழை ஊசியில் ஏற்றிப் புண்கள் வரவழைத்த சோதனைக்குப் பாதிரியார்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாமில் 2,700க்கும் மேற்பட்ட குருமார்கள் இருந்தார்கள், பெரும்பாலும் போலந்துக்காரர்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரோடு திரும்பவில்லை.

பிற்பகலில் எரிகூடக் கட்டடத்துக்குப் போனேன். அதற்குள் நச்சுவாயு அறை ஒன்றும் உண்டு. அது கூட்டக் கொலைக்குப் பயன்படவில்லை என்றும், தனிநபர்களும் சிறு குழுக்களும் அங்கே கொல்லப்பட்டதாகச் சாட்சியம் இருக்கிறது என்றும் நினைவகம் கவனமாகச் சொல்கிறது. அந்தச் சாட்சியங்களில் பிளாஹாவுடையதும் ஒன்று: 1944இல் முதலில் உள்ளே விடப்பட்ட எட்டு ஒன்பது பேரைப் பரிசோதிக்கத் தன்னை அழைத்ததாகச் சொன்னார். நச்சுவாயுவால் கூட்டக் கொலை நடந்த ஆஷ்விட்ஸ் முகாமையும் டாஹாவையும் ஒரே மாதிரி எழுதுபவர்கள், நடந்ததையே மறுக்கும் கும்பலுக்கு வேலையை எளிதாக்கிவிடுகிறார்கள். இந்த அளவு நிதானம் இருந்தால்தான் உண்மை நிற்கும்.

அதே கட்டடத்தில் நூர் இனாயத் கானின் நினைவுப் பலகை இருக்கிறது. திப்பு சுல்தானின் வழித்தோன்றல். பிரான்சில் ரகசிய வானொலி இயக்கிய பிரிட்டிஷ் உளவாளி. 1944 செப்டம்பர் 13 அன்று மற்ற மூன்று பெண்களோடு இங்கே சுட்டுக் கொன்றார்கள். வாடிய ரோஜா ஒன்று அங்கே கிடந்தது. என்னிடம் பூ எதுவும் இல்லை.

செவ்வாய், டாஹாவ்

இன்றும் இங்கேயே. முகாமுக்கு வெளியே, சாலையைத் தாண்டி இருக்கும் மூலிகைத் தோட்டத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. தெருவுக்கே மூலிகைத் தோட்டம் என்றுதான் பெயர். இன்று பெரும்பகுதி தொழிற்பேட்டை. பழைய கட்டடம் ஒன்றும் சிதைந்த கண்ணாடிக் குடில்களும் மிச்சம்.

1938 முதல் கைதிகள் சதுப்பு நிலத்தைக் கையால் வெட்டித் திருத்தி உண்டாக்கிய தோட்டம் இது. வெளிநாட்டு மருந்தும் மசாலாவும் ஜெர்மனிக்குத் தேவைப்படக் கூடாது என்பது எஸ்.எஸ். அமைப்பின் திட்டம். மிளகுக்குப் பதிலாக உள்ளூர் மூலிகைக் கலவை. கிளாடியோலஸ் இலையிலிருந்து வைட்டமின் சி. பூச்செடி வேலைதானே என்று தோன்றும். மழையிலும் பனியிலும் பட்டினி வயிற்றோடு குனிந்து வேலை செய்து இங்கே செத்தவர்கள் ஏராளம். பிளாஹாவும் இந்த மண்ணில் குனிந்தவர்தான்.

தோட்டத்தில் ஒரு கடை இருந்தது. ஊர்க்காரர்கள் வந்து காய்கறியும் கன்றும் வாங்கினார்கள். கடைசி ஆண்டில், கன்னியாஸ்திரீ ஆகப் பயிற்சி பெற்றுவந்த ஓர் இளம்பெண் வாராவாரம் இந்தக் கடைக்கு வந்து, முகாமிலிருந்த குருமார்களுக்கு அப்பமும் மருந்தும் கடிதமும் கடத்திக் கொடுத்தாள். வந்த எல்லோரும் முகாம் உடையணிந்த கைதிகளிடம்தான் கன்று வாங்கினார்கள். அவளுக்கு மட்டும் செய்வதற்கு ஏதோ ஒன்று இருப்பது தெரிந்தது.

அமெரிக்கப் படை 1945 ஏப்ரல் 29 அன்று முகாமை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பர் 15இல், இதே முகாம் வளாகத்தில், நாற்பது பேர்மீது இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. அதிலும் பிளாஹா சாட்சி. குற்றவாளிக் கூண்டில் ஷில்லிங்கும் இருந்தார். அவர் நீதிமன்றத்திடம் கேட்டது தன் ஆய்வறிக்கையை முடிக்க அனுமதி. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தட்டச்சுப்பொறி போதும் என்றார். அந்த மனிதருக்குத் தன்மேல் குற்றமிருப்பதாகவே தோன்றவில்லை. விஞ்ஞானத்துக்கு ஒரு கட்டுரை பாக்கி இருப்பதாக மட்டும் தோன்றியது. 1946 மே 28 அன்று லாண்ட்ஸ்பெர்க் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

ஒரே முகாமில் இருந்த இரண்டு மருத்துவர்களில் பட்டமும் பதவியும் ஷில்லிங்குக்குத்தான் அதிகம். எங்கள் கல்லூரிகளில் ஷில்லிங்கைப் போல வெளியீடுகளை எண்ணத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பிளாஹாவின் பெயரை ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை. இது எனக்கு ஆறாத கோபம். ஊர் திரும்பியதும் என் மாணவர்களுக்கு அந்த வாக்குமூலத்தை முழுதாகப் படித்துக் காட்டப் போகிறேன்.

புதன், நியூரம்பர்க்

மியூனிக்கிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நியூரம்பர்க்கில் யு 1 ரயிலில் பேரன்ஷான்சே நிலையத்தில் இறங்கினால் நீதிமன்ற வளாகம் எதிரேயே. நினைவுக்காட்சியகத்துக்குச் செவ்வாயன்று விடுமுறை என்பதால்தான் பயணத்தை இப்படி வகுத்தேன். நானூறு பக்கம் படித்ததைவிட 600ஆம் எண் அறைக்குள் நின்ற பத்து நிமிடம் அதிகம் சொன்னது. கருமர வேலைப்பாடு, பளிங்குக் கதவுநிலை. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறிய அறை. சாட்சிக்கும் குற்றவாளிகளுக்கும் இடையே சில எட்டு தூரம்தான்.

1946 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. பிளாஹா ஏறினார். செக் மொழியில் பேசலாம் என்றிருந்தும் ஜெர்மன் மொழியிலேயே சாட்சி சொல்கிறேன் என்றார். ஏழு ஆண்டுகளாக ஜெர்மானியர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்ததையும், முகாம் வாழ்க்கையின் பல சொற்களுக்கு வேறு மொழியில் இணையே இல்லாததையும் காரணம் காட்டினார். அமெரிக்க வழக்கறிஞர் தாமஸ் டாட் வாக்குமூலத்தை வாசித்தார். சோவியத், பிரெஞ்சு வழக்கறிஞர்களும் கேள்வி கேட்டார்கள். எதிரே ஹிட்லரின் அமைச்சர்களும் தளபதிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

முகாமைப் பார்வையிட வந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அவர் பெயர்களைச் சொன்னார். ஃப்ரிக், ரோசன்பெர்க், ஃபுங்க், ஸௌக்கெல் ஆகியோர் அதில் உண்டு. அந்த நால்வரும் அப்போது அதே அறையில் இருந்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞர்கள் விடவில்லை. எப்போது பார்த்தாய், எவ்வளவு தூரத்தில், யார் அவர் பெயரைச் சொன்னது என்று துளைத்தார்கள். குறுக்கு விசாரணையைப் படிக்கும்போது நான் கவனித்தது, தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் அவர் பிரித்துச் சொல்லும் பழக்கம். அது பிரேத அறையில் வரும் பழக்கம்தான். ஃப்ரிக், ரோசன்பெர்க், ஸௌக்கெல் மூவரையும் அந்த அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். ஃபுங்குக்கு ஆயுள் தண்டனை. உடல்நிலை காரணமாக 1957இல் வெளியே வந்தார்.

1946 டிசம்பரில் இதே நீதிமன்றத்தில் மருத்துவர்கள் வழக்கு தொடங்கியது. 23 பேர், 1947 ஆகஸ்ட் தீர்ப்பில் ஏழு பேருக்கு மரண தண்டனை. அந்தத் தீர்ப்போடு வந்த பத்து விதிகளில் முதலாவது, சோதனைக்கு உட்படுபவர் மனமுவந்து சம்மதிக்க வேண்டும் என்பது. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்று நோயாளி கையெழுத்திடும் ஒவ்வொரு ஆய்வுச் சம்மதப் படிவத்துக்கும் மூதாதை அந்த வரி. சட்டம் அதை எழுதுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கைதி, இருபது பேரின் வயிற்றைத் தொட மறுத்திருந்தார்.

மாலை ஐந்து மணி வரை காட்சியகத்திலேயே இருந்தேன். கடைசியாக உட்கார்ந்து படித்தது, நடந்தது வெளியே மக்களுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில். அவர் குரலை உயர்த்தியதாகத் தெரியவில்லை. முகாமைச் சுற்றியிருந்தவர்களுக்குத் தெரியும் என்றார். கைதிகள் நாள்தோறும் வெளியே வேலைக்குப் போனார்கள், தொழிற்சாலைகளில் பொதுமக்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள், தோட்டத்துக்குச் சரக்கு கொண்டுவந்தவர்களும் அங்கே வாங்க வந்தவர்களும் கைதிகளைப் பார்த்தார்கள், எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் பார்த்தார்கள்.